பொன்ழூர், முத்தியால்பேட்டை

அன்று காலை குரூப்பில் எழுத்து வந்தது. பார்த்த உடனே எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது.

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் எழுத்து வரும் வழக்கம் கிடையாது, குரல்தான் வரும். காலையில் முதல் குரல் பிலோமினா டீச்சருடையது. பெரிய டீச்சராக இருந்து ரிடையர் ஆன பிறகும், புதிதாக வந்த பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டதால், நெல்லித்தோப்பில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே "பொன்ழூர், முத்தியால்பேட்டை!" என்று ஆரம்பித்துவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் காலை வணக்கம். அதற்குப் பிறகு மழை வருமா, எந்த வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும், யாருக்குக் காய்ச்சல் தேவலை ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் முதல் டீ குடிப்பது அந்தக் குரலோடுதான்.

அன்றைக்குக் குரல் வரவில்லை. எழுத்து வந்தது. அதன் கீழே ஒவ்வொருவராகக் கும்பிட்ட கை போட ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவனுக்கும் கும்பிட்ட கை வரிசையாக வந்தால் என்னவென்று தெரியும். யார் என்பதுதான் தெரியவில்லை. பேத்தி யாழினியை எழுப்பி, "யாரும்மா?" என்று போனை நீட்டினேன். அவள் பாதி படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மீதியை நான் கேட்கவில்லை. டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

டீச்சரைத் தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்கப்போகிறீர்கள். ஆனால் அவர் அந்தப் போனை எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார், அதனால் ஒரு தடவை எப்படி அடிபட்டார், அடிபட்டும் ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். என் மகள் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். அதனால் பேத்தியைக் கொண்டுபோய் விடுவது, அழைத்து வருவது, மீட்டிங்கில் போய் உட்காருவது எல்லாம் நான்தான். பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு பெரிய ஸ்கூலுக்குப் போய்விட்டாள். நான் குரூப்பை விட்டுப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

குரூப் ஆரம்பித்தபோது அதிலும் எழுத்துதான் வந்தது. இளம் டீச்சர் நித்யா, பெரிய டீச்சரின் போனிலிருந்து அழகாக அடித்து அனுப்புவார். பள்ளிக்கூடமே போனுக்குள் வந்துவிட்டது என்று எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். எனக்கும் பெருமைதான். என்ன வந்தது என்று மட்டும் தெரியாது. மகள் ஷிப்ட் முடிந்து வந்து படித்துச் சொன்னால் உண்டு.

ஒருமுறை பிள்ளைகளை நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்கு அழைத்துப் போனார்கள். சீக்கிரமே வந்துவிட வேண்டும் என்று முந்தின நாள் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். மகளுக்கு அன்று நைட் ஷிப்ட். வழக்கமான நேரத்துக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் காலி. எங்களைப் போலவே இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள். எல்லாம் படிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள். உள்ளே முருகையன் சார் மட்டும் இருந்தார். படகில் ஏறினால் தலை சுற்றும் என்று அவர் போகவில்லை.

"இன்னா சார், யாருமே இல்ல?" என்றேன்.

"வண்டி போயிடுச்சே பெரியவரே. குரூப்ல போட்டாங்களாமே?"

"நீங்க பாத்தீங்களா சார்?"

அவர் பாக்கெட்டிலிருந்து தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினார். ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "இதுல எங்கேர்ந்து பாக்கறது? எங்கிட்ட நேர்ல வந்து சொன்னாங்க, அதனால தெரியும்" என்றார். அந்த போனிலேயே பெரிய டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் போன வழியே ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார். பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவராக ஏற்றி, என்னையும் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டு, மறுபடியும் நோணாங்குப்பத்துக்கு விட்டார். பாலம் தாண்டும்போது, "உங்க வீட்ல யாரும் பாக்கலியா?" என்று கேட்டார்.

"பாத்தோம் மதாம். கறுப்பு கறுப்பா இருந்துச்சு" என்றேன். அவர் பிரெஞ்சுப் படித்த குடும்பம், அண்ணன் பிரான்சில் இருக்கிறார். அதனால் எங்கள் காலத்து ஆட்கள் அவரை மதாம் என்றே கூப்பிடுவோம். "எங்க மில்லுல சங்கு ஊதுவாங்க. படிச்சவன் படிக்காதவன் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கேக்கும். யாரும் லேட்டா வந்துட்டு எனக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது."

டீச்சர் சிரிக்கவில்லை, யோசித்தார். மறுநாள் காலை முதல்முறையாகக் குரல் வந்தது. "பொன்ழூர், முத்தியால்பேட்டை! இனிமே நம்ம குரூப்ல எழுத்து கிடையாது. நேத்து கேட்ல நின்ன புள்ளைங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். முசியே சொன்ன மாதிரி, இது நம்ம சங்கு." முசியே என்றால் ஐயா. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டலும் மரியாதையும் கலந்து.

கடைக்காரர் ஒருவர் மீட்டிங்கில், "சங்கு ஊதறதுன்னா வேற மாதிரி அர்த்தம் டீச்சர்" என்றார். "அதுக்கு முன்னாடி இந்த சங்க கேளுங்க, புள்ள படிக்கட்டும்" என்று டீச்சர் பதில் கொடுத்தார்.

குரல் என்றதும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தி குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கை பட்டு, அந்தச் சண்டை முழுவதும் குரூப்பில் வந்துவிட்டது. உன் குடம், என் குடம், உன் மாமியார் யோக்கியதை என்று எல்லாமே. எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டோம். கொஞ்ச நேரத்தில் டீச்சர் குரல் வந்தது: "நல்லா கேட்டுச்சும்மா. தண்ணி வந்துடுச்சா?" அவ்வளவுதான். அந்தப் பெண் அடுத்த மீட்டிங்கில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். டீச்சர் திட்டியிருந்தால் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

டீச்சர்கள் எல்லோரும் இதை விரும்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். நித்யா டீச்சர் முதலில் தன் நம்பரைத் தரமாட்டேன் என்றார். "ஞாயித்துக்கிழமையும் கூப்புடுவாங்க மேடம். எனக்கும் வீடு இருக்கு." பெரிய டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது நியாயம்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு போன் வைத்தார். சாயங்கால மணி அடித்தால் அதையும் அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். "போனுக்கும் வீட்டுக்குப் போற நேரம் இருக்கணும்" என்பார்.

முருகையன் சார் கதை வேறு. டச் போனைக் கண்டாலே, "எனக்கு வேணாம் மேடம், தொட்டா எங்கயாவது போயிடும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். போன் பழகச் சொல்லி டீச்சர் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாள், "சார், அந்த ஒன்பதாம் வாய்ப்பாட்ட பாடுங்களேன்" என்றார். வாய்ப்பாட்டை அவர் பாட்டாகவே பாடுவார், நல்ல குரல். பாடி முடித்ததும் டீச்சர் அதை குரூப்பில் போடலாமா என்று கேட்டுப் போட்டார். அன்று சாயங்காலம் முத்தியால்பேட்டையில் எந்த சந்துக்குள் போனாலும் ஒன்பதாம் வாய்ப்பாடு. காய்கறி வண்டிக்காரன்கூட முணுமுணுத்தான். மறுநாள் முருகையன் சார் தானாகவே வந்து, "எட்டாம் வாய்ப்பாடு எப்ப மேடம்?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் அவர் கையில் டச் போன். அதற்கும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"போன் நம்ம பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாசல்" என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். அந்த வாசல் வழியாகத்தான் அந்த அடி வந்தது.

எங்கள் தெருவில் சுமதி என்று ஒரு பெண் குடிவந்தாள். துணிக்கடையில் வேலை. மகள் மலர், யாழினியின் வகுப்பு. வந்த புதிதிலேயே என்னிடம், "யாராவது வந்து எங்களப் பத்தி கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க தாத்தா" என்று சொல்லிவைத்திருந்தாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவள். அந்த ஆள் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவான் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. இதை அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அவளுக்கு.

விளையாட்டு விழாவில் மலர் ஓட்டத்தில் முதலாவது வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஒரு பேஸ்புக் பக்கமும் இருந்தது. கோப்பையோடு நிற்கிற மலரின் படத்தை நித்யா டீச்சர் அதில் போட்டார். "முகம் நல்லா தெரியட்டும், ஜெயிச்ச புள்ள" என்று சொன்னது பெரிய டீச்சர்தான். பெயர், வகுப்பு, பின்னால் பள்ளிக்கூடப் பலகை, எல்லாமே அதில் இருந்தன. ஊரே பார்த்துப் பாராட்டியது.

சில நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கேட்டில் யாழினிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் வந்து போனை நீட்டினான். "பெரியவரே, இந்தப் பொண்ணு வெளிய வந்துடுச்சா?" போனில் கோப்பையோடு மலர். அவன் மேல் சாராய வாடை. எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாப்பா?" என்று காதில் கையை வைத்தேன்.

"இந்தப் பொண்ணு!"

"எனக்கு காது கேக்காதுப்பா. சத்தமா சொல்லு."

அவன் கத்தினான். நான் இன்னும் கேட்கவில்லை என்றேன். அவன் இன்னும் கத்தினான். நான் வேண்டியதும் அதுதான். சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்துவிட்டார்.

"நான் அப்பன். என் பொண்ணக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன்" என்றான்.

"அப்பாவா? வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் டீச்சர். கேட்டைப் பூட்டியபடியே சொன்னார். "அம்மாவும் வரட்டும். பேசுவோம்."

"எதுக்கு அவ? எம் பொண்ணப் பாக்க எவளக் கேக்கணும்?"

"என்னக் கேக்கணும். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் எல்லாம் என் புள்ளைங்க."

அவன் கேட்டை உதைத்தான். டீச்சர் நகரவில்லை. உள்ளே நித்யா டீச்சர் மகளிர் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார். வண்டிச் சத்தம் கேட்டதும் அவன் போய்விட்டான்.

மறுநாள் டீச்சர் என்னிடம் வந்து, "முசியே, சுமதி வீட்டக் காட்டுங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். சுமதி துணிகளைக் கட்டிவைத்திருந்தாள்.

"டீச்சர், உங்களக் குத்தம் சொல்லல. டி.சி. மட்டும் குடுத்துடுங்க. வேற ஊரப் பாத்துக்கறோம்."

"அந்தப் படத்த எடுத்துட்டேன்மா."

"எடுத்தீங்க. பாத்தவன் கண்ணுலேர்ந்து எடுக்க முடியுமா?"

டீச்சர் அந்தப் பெண் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. கடைசியில், "வாசலத் தொறந்து வச்சேன். யார் வருவாங்கன்னு பாக்கல. தப்பு என்னுது, நித்யா மேல இல்ல" என்றார். "நீ போறதுன்னா போம்மா, டி.சி. நாளைக்கே தர்றேன். ஆனா போற ஊர்லயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அங்கயும் என்ன மாதிரி ஒருத்தி போன வச்சிக்கிட்டு நிப்பா. அவளுக்குத் தெரியாது. எனக்கு இப்ப தெரியும்."

துணி மூட்டை கட்டியபடியே கிடந்தது.

அடுத்த நாள் காலை பொன்ழூர் வந்தது. குரலில் சிரிப்பு இல்லை. யார் வீடு என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னார். "கேக்காம ஒரு படத்தப் போட்டேன். அதனால ஒரு வீட்டுக்குக் கஷ்டம். இனிமே கேக்காம எதையும் போடமாட்டோம். மொதல்ல புள்ளயக் கேப்போம், அப்புறம் வீட்டக் கேப்போம். ரெண்டுல ஒருத்தர் வேணாம்னா வேணாம்தான்."

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "பிரைவேட் ஸ்கூல்ல தெனம் படம் போடறாங்க, நம்ம புள்ள மூஞ்சிக்கு இன்னா கொற?" என்று மீட்டிங்கில் கேட்டார்கள். அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள் என்றும் சிலர் சொன்னார்கள். "வாசல்ல ஒரு தடவ திருடன் வந்தான்னு வாசல செங்கல் வச்சு அடைப்பீங்களா? பூட்டு போடுவோம்" என்றார் டீச்சர்.

அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தவள் மலர்தான். வகுப்பில் அவரைக்கொட்டையை டம்ளரில் முளைக்கவைத்திருந்தார்கள். டீச்சர் போனோடு போய் மலரிடம் குனிந்து, "உன்ன படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டாராம். அவள் முகத்தை டம்ளருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கைய மட்டும் எடுங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். எடுத்தார்கள். சின்னக் கை, டம்ளர், பச்சையாக ஒரு முளை.

அன்றிலிருந்து நம் பள்ளிக்கூடப் பக்கத்தில் முகமே கிடையாது. எல்லாம் கைதான். மண் பிசைகிற கை, சாக்பீஸ் பிடித்த கை, சட்டையில் துடைத்த கை. முதலில் கேலி பண்ணியவர்கள்கூட, இது யார் கை என்று தேட ஆரம்பித்தார்கள். எனக்கும் அது வசதி. படிக்கத் தெரியாவிட்டாலும், கறுப்புக் கயிறு கட்டி, கட்டை விரலில் தழும்போடு இருக்கிற யாழினி கையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு நாள் ஒரு அதிகாரி வந்து, "உங்க பக்கத்துல புள்ளைங்களே காணோமே?" என்றாராம். "எல்லாரும் இருக்காங்க சார், எண்ணிப் பாருங்க" என்றாராம் டீச்சர்.

மலரின் அப்பன் இன்னொரு தடவையும் வந்தான். டீச்சர் அவனை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டார். போலீசுக்குச் சொன்னார். அப்புறம் குரூப்பில் சங்கு ஊதினார். "வீட்ல இருக்கறவங்க எல்லாம் கொஞ்சம் கேட்டுக்கு வாங்க. புள்ளைங்கள நாமளே கூட்டிட்டுப் போவோம்." ஏன், எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. தையல்காரருக்குக் கேட்டது. குழாயடிச் சண்டைக்காரி ஈரக் கையோடு வந்தாள். கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு வந்தார். வேலைக்குப் போன சுமதிக்கும் கேட்டு, அவளும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கேட்டை மறைத்துக்கொண்டு தெருவே நின்றது. அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

சுமதி மூட்டையைப் பிரித்தாள். டி.சி. கேட்க அவள் மறுபடி போகவில்லை. மலர் ஐந்தாவது வரை அங்கேயே படித்தாள். இப்போது யாழினியோடு பெரிய ஸ்கூலில் ஒன்பதாவது.

நெல்லித்தோப்பில் டீச்சரை எடுத்த அன்று தெருமுனையில் பேனர் வைத்திருந்தார்கள். டீச்சர் படம் ஓரத்தில் சின்னதாக, வைத்தவர்கள் படம் பெரிதாக. டீச்சர் பார்த்திருந்தால், "நல்லவேளை, எனக்கும் கொஞ்சம் எடம் விட்டாங்க" என்றிருப்பார். பள்ளிக்கூடப் பக்கத்தில் என்ன போடுவது என்றுதான் நித்யா டீச்சர் தவித்தார். "கேக்காம போடக்கூடாதுன்னாங்க. இப்ப யாரக் கேக்கறது தாத்தா?" என்று என்னிடம் அழுதார். பிரான்சில் இருக்கிற அண்ணனுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர், "முகத்தப் போட்டா என்ன திட்டுவா" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தார். மலரிடம் ஒரு படம் இருந்தது. போன முறை டீச்சர் வீட்டுக்குப் போனபோது கேட்டு எடுத்ததாம். டீ டம்ளரைப் பிடித்த டீச்சரின் கை, பக்கத்தில் மலரின் கை. அதைத்தான் போட்டார்கள். கீழே பெயர் எழுதியிருந்ததாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

காலையில் இப்போது முருகையன் சார்தான் பொன்ழூர் சொல்கிறார். அந்த வார்த்தை அவர் வாயில் சரியாக வருவதில்லை. யாரும் திருத்துவதில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், ஒரு பழக்கம்தான். கேட்கிற பழக்கம். பேத்தியைப் படம் எடுத்தாலும், "எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். பாதி நேரம் வேணாம் என்கிறாள். சரி என்று போனைப் பையில் போட்டுவிடுகிறேன். இதையெல்லாம் நான் போனில் பேசிக் கொடுத்தேன், நித்யா டீச்சர் எழுத்தாக்கினார். பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய், உன் கதையும் இதில் வரும், சொல்லட்டுமா என்று கேட்டேன். முதலில் மகளைக் கேட்டாள். மகள் தலையாட்டினாள். அப்புறம், "சொல்லுங்க தாத்தா. டீச்சருக்காக சொல்லுங்க. பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள்.

மாற்றிவிட்டேன் மதாம். இதில் வருகிற சுமதி சுமதி இல்லை. மலரும் மலர் இல்லை.